எறோல் பாஸும் நன்னாரி வேரும்

மட்டக்களப்புப் பக்கம் தையல் மெசின் வைத்திருக்கும் பெண்களில் எறோல் பாஸைத் தெரியாதவர்கள் குறைவு. ஏறாவூர், சித்தாண்டி, வாழைச்சேனை, ஓட்டமாவடி என்று எங்கே மெசின் முரண்டு பிடித்தாலும் அவருக்குத்தான் தொலைபேசி வரும். பழைய மோட்டார் சைக்கிளின் பின்னால் திருத்தும் கருவிகள் நிறைந்த தகரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு காலையிலேயே புறப்பட்டுவிடுவார். மெசினின் முன்னால் குந்தி, சக்கரத்தைக் கையால் ஒருமுறை சுற்றி, காதைச் சாய்த்துக் கேட்பார். எந்த இடத்தில் உரசுகிறது என்று பிடிபட்ட பிறகுதான் பெட்டியைத் திறப்பார்.

அவர் பறங்கியர்; போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் வழிவந்து, பேச்சுக்குப் பேச்சு "மென்" போடுகிற சனம். டச்பார் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர். சுனாமி அந்த வீட்டைக் கொண்டுபோன பிறகு பனிச்சையடிப் பக்கம் கட்டிக்கொடுத்த வீடொன்றில் மனைவி ஜொய்சுடன் குடியிருக்கிறார். ஒரே மகள் கலியாணம் முடித்துக் கட்டாரில் இருக்கிறாள். ஜொய்ஸ் பிறந்தநாளுக்கும் கலியாணத்துக்கும் கேக் அடித்துக் கொடுப்பவர். அவர்கள் வீட்டுக்குள் போனால் எப்போதும் வனிலா வாசமும் மெசின் எண்ணெய் வாசமும் சேர்ந்து வரும்.

மெசின் திருத்துவது அவருக்குச் சோறு போட்டது. பெயர் வாங்கிக் கொடுத்தது வயலின். பறங்கியர் கலியாணம் என்றால் கப்ரிஞ்ஞா ஆட்டம் இல்லாமல் முடியாது. பெண்கள் பாவாடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு வரிசையிலும் ஆண்கள் எதிர் வரிசையிலும் நின்று, சோடி மாறி மாறிச் சுற்றி ஆடுவார்கள். அதற்கு வயலின் எறோல், மண்டலின் ஹேர்பர்ட். இருவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். எறோல் பையனாக முதன்முதலாக ஒரு கலியாண வீட்டில் வாசிக்க நின்றபோது கை கால் உதறியது. ஹேர்பர்ட்தான் ஒரு கிளாஸ் சாராயத்தைக் கையில் கொடுத்து, "மூக்கைப் பொத்திக்கொண்டு குடி மென், விரல் தானா ஓடும்" என்றார். குடித்தார். விரல் ஓடியது. அன்றிலிருந்து வயலின் பெட்டி திறக்குமுன் போத்தல் திறக்க வேண்டும் என்றாகிவிட்டது. பிறகு வயலின் இல்லாத நாட்களிலும் பின்னேரம் சாராயத் தவறணைப் பக்கம் கால் போனது. கடைசிக் காலத்தில் மத்தியானத்துக்கே தேவைப்பட்டது.

ஒருநாள் சித்தாண்டியில் ஒரு வீட்டில் மெசினைக் கழற்றிப் போட்டுவிட்டு, திரும்பப் பூட்டத் தெரியாமல் எறோல் விழித்துக்கொண்டு இருந்தார். கண் மஞ்சளாக இருந்தது, கால் வீங்கியிருந்தது. அந்த வீட்டுக்காரர்தான் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வார்டில் வைத்திருந்து, மருந்து கொடுத்து, மெதுவாகக் குடியை நிறுத்தினார்கள். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது இளம் டொக்டர் பிள்ளை ஒருத்தி நேரே முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"ஈரல் பழுதாகத் தொடங்கிட்டுது. இதோட விட்டீங்கண்டா மிச்சத்தக் காப்பாத்தலாம். விடாட்டி என்னட்ட வந்து பிரயோசனமில்ல."

எறோல் விட்டார். விடுவதற்கு மனம் இருந்தது. ஆனால் குடியை விட்டவருக்கு வேறொரு தொல்லை இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பின்னேரம் வந்தால் கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தேத்தண்ணி குடித்தால் தூக்கம் போனது. சோடா வயிற்றை ஊதியது. வெறும் தண்ணீர் மருந்து விழுங்கும் ஞாபகத்தைத் தந்தது. எதைக் குடித்தாலும் குடித்த மாதிரி இல்லை. வயலின் பெட்டியை அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்துவிட்டார். ஹேர்பர்ட்டைத் தெருவில் கண்டால் மற்றப் பக்கம் திரும்பிப் போனார்.

இப்படியிருந்த நாட்களில்தான் ஓட்டமாவடியிலிருந்து ஸுஹைனா அழைத்தார். வீட்டிலேயே அபாயாவும் பள்ளிக்கூடச் சட்டையும் தைப்பவர். அவருடைய மெசின் நூலை அறுத்து அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. எறோல் போய் விறாந்தையில் குந்தி மெசினைத் திறந்தார். சின்னத் திருகாணியொன்று கையிலிருந்து விழுந்தது. பொறுக்கினார். திரும்பவும் விழுந்தது. மூன்றாம் முறையும் விழுந்தபோது அதை எடுக்காமல் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஸுஹைனா ஏன் எதற்கு என்று கேட்கவில்லை.

"கொஞ்சம் இரிங்க பாஸ். வெய்யில்ல வந்திரிக்கீங்க" என்று உள்ளே போனவர், உயரமான கிளாஸ் ஒன்றோடு வந்தார். சிவப்பும் மண்ணிறமும் கலந்த நிறம். ஐஸ் கட்டி மிதந்தது. கசகசா அடியில் ஊறிக் கிடந்தது. எறோல் கிளாஸை வாங்காமல் பார்த்தார்; நிறம் சாராயம் மாதிரி இருந்தது.

"தங்கச்சி, இது என்ன?"

"நன்னாரி சர்பத்து. நோம்புக்குக் காய்ச்சின சீனிப்பாணில மிஞ்சினது. பயப்படாமக் குடிங்க."

எறோல் ஒரு வாய் குடித்தார். முதலில் தேசிக்காய்ப் புளி, பிறகு இனிப்பு. அதற்குப் பின்னால், விழுங்கி முடிந்த பிறகு, தொண்டையில் ஒரு வாசம் மெல்ல எழுந்தது. புது மழைக்கு நனைந்த மண்ணில் ஜொய்சின் கேக் வனிலாவைச் சிந்திய மாதிரி. அடியில் லேசான ஒரு கசப்பும் இருந்தது. அந்தக் கசப்புத்தான் அவரைப் பிடித்தது. சிறுபிள்ளைகளின் பானம் போல அது வெறுமனே தித்திக்கவில்லை. ஒவ்வொரு வாயாக, நேரமெடுத்துக் குடிக்க முடிந்தது.

"இன்னொண்டு தரேலுமா தங்கச்சி?"

ஸுஹைனா சிரித்துக்கொண்டே ஊற்றிக் கொடுத்தார். அவர் புறப்படும்போது மிஞ்சிய பாணியை ஒரு பிளாஸ்டிக் போத்தலில் விட்டு மூடிக் கையில் கொடுத்தார். மெசின் அன்று கொஞ்சம் சுணங்கித்தான் திருத்தப்பட்டது. ஆனால் நூல் அறவில்லை.

வீட்டுக்கு வந்த எறோல் செய்த வேலையை அவராலேயே பிறகு விளங்கப்படுத்த முடியவில்லை. பிளாஸ்டிக் போத்தலில் அது ஏதோ மருந்து மாதிரித் தெரிந்தது. கொல்லையில் கிடந்த வெற்றுச் சாராயப் போத்தல் ஒன்றைக் கழுவி, பாணியை அதற்குள் ஊற்றினார். அந்தப் போத்தலின் கழுத்து கைக்குப் பழகியது. பிறகு வெட்கம் வந்து, தகரப்பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். பின்னேரத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தண்ணீரில் கலந்து குடித்தார்.

விளக்குமாறோடு வந்த ஜொய்சின் கையில் அது அகப்பட அதிக நாள் எடுக்கவில்லை.

"எறோல்!"

அவர் ஓடி வரும்போது ஜொய்ஸ் போத்தலைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார்.

"அது சாராயமில்ல ஜொய்ஸ்!"

"கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து கேட்டுக் காது புளிச்ச கத இது" என்று மூடியைத் திறந்து மடமடவென்று நிலத்தில் ஊற்றினார். கடைசிச் சொட்டும் விழுந்த பிறகுதான் வாசம் மேலே வந்தது. ஜொய்ஸ் போத்தலை மூக்கருகில் பிடித்தார். குனிந்து ஈரமண்ணை மணந்தார். போத்தல் வாயில் ஒட்டியிருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"இது என்ன?"

"நன்னாரி."

"அத ஏன் மென் இந்தப் போத்தல்ல ஊத்தி ஒளிச்சு வச்ச?"

"எனக்கே தெரியா."

ஜொய்ஸ் கிணற்றுக் கட்டில் குந்திவிட்டார். முதலில் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. பார்த்தால் சிரிக்கிறார். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். எறோலுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"ஒரு சொட்டுக்கூட மிச்சம் வைக்கல்லயே நீ" என்றார், ஈர நிலத்தைப் பார்த்தபடி.

மறுநாள் ஜொய்சே ஸுஹைனாவை அழைத்து, எப்படிக் காய்ச்சுவதென்று கேட்டார். ஸுஹைனா விவரமாகச் சொன்னார். ஆனால் வேர் கையில் இல்லை. கரடியனாற்றிலிருந்து வல்லிபுரம் என்ற கமக்காரர் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து ஓட்டமாவடிச் சந்தையில் கொடுப்பார். நெல் வெட்டுக்காலம் என்பதால் அவரைக் காணவில்லை.

எறோல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கரடியனாற்றுக்கே போய்விட்டார். வல்லிபுரம் வயல் வட்டைக்குள் நெற்சூடு அடித்துக் களைத்துப்போய் மரநிழலில் இருந்தார். அறுபதைத் தாண்டிய, வாய் ஓயாத மனிதர்.

"வேரா? அதுக்கா இந்த வெய்யில்ல வந்தீங்க? பத்தைக்குள்ள எக்கச்சக்கம் கிடக்கு. வாங்க, யானை வாறத்துக்கு முதல் கிண்டிப்போட்டு வந்திருவம்."

வாய்க்காலுக்கு அப்பால் பற்றைக்காடு. எறோல் பெரிய கொடி ஏதோ வரும் என்று எதிர்பார்த்திருந்தார். வல்லிபுரம் காட்டியதோ நூல் மாதிரி ஒரு கொடி. ஈச்சம்பற்றை ஒன்றில் சுற்றிச் சுற்றி ஏறியிருந்தது. ஒடுங்கிய இலை; இலையின் நடுவே யாரோ வெள்ளைப் பென்சிலால் கோடு இழுத்த மாதிரி. மேலே பார்த்தால் ஒன்றுமில்லை. கிண்டத் தொடங்கியபோதுதான் வேர் போய்க்கொண்டே இருந்தது. வல்லிபுரம் அலவாங்கால் மண்ணை நெகிழ்த்தினார். எறோல் நிலத்தில் முழங்கால் ஊன்றி, சிக்கிய நூலை எடுப்பது போல விரலால் வேரைத் தொடர்ந்து போனார். ஓரிடத்தில் அது முறிந்தது. உடனே அந்த வாசம் முகத்தில் அடித்தது. கோழி ஒன்றைப் பிடித்த நரி மாதிரிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

திரும்பி வந்து கைகால் கழுவியதும் வல்லிபுரம் உபசாரமாக, பாயின் அடியிலிருந்து ஒரு போத்தலை எடுத்தார். வேலை முடிந்தால் அங்கே அதுதான் வழக்கம்.

"எங்கட ஊர்ச் சாமான். ஒரு வாய் போடுங்க, களைப்புப் போகும்."

மூடி திறந்த வாசம் வந்தது. எறோலின் வாய் ஊறியது உண்மை. கை முழங்காலைவிட்டு எழும்பியதும் உண்மை. அவர் அந்தக் கையைத் திரும்பவும் முழங்காலில் வைத்து மற்றக் கையால் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் அண்ணன். நான் விட்டுட்டன். ஈரல் சரியில்ல."

வல்லிபுரம் போத்தலை மூடி, எறோலின் கண்ணில் படாத இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஒரு முட்டித் தயிரோடு வந்தார். இருவரும் தயிரில் பனம்பாணி விட்டுச் சாப்பிட்டார்கள். தான் இவ்வளவு காலம் வேர் கிண்டியும் நன்னாரியை வாயில் வைத்ததில்லை என்றும், தேத்தண்ணியைத் தவிர எந்த இனிப்பும் தனக்குப் பிடிக்காது என்றும் வல்லிபுரம் சொன்னார். தயிருக்கு அவர் விட்ட பாணியின் அளவைப் பார்த்தபோது எறோலுக்கு அது நம்பக்கூடியதாக இல்லை. புறப்படும்போது கட்டிய வேரோடு, ஈரச் சாக்கில் சுற்றிய நன்னாரிக் கன்று ஒன்றையும் வல்லிபுரம் பெட்டிமேல் வைத்துக் கட்டிவிட்டார்.

அன்று பின்னேரமே குசினி கலவரமானது. வேரைக் கழுவி, தட்டி, நடுவில் இருக்கும் தக்கையைக் கழற்றி எறிந்துவிட்டு, வாசமுள்ள தோலை மட்டும் ஊறப்போட்டு, மறுநாள் காய்ச்சினார்கள். முதல் பாணி கருகியது. இரண்டாவது, ஜொய்ஸ் கேக்குக்குப் போடும் அளவில் சீனி போட்டதால் கரண்டி நிற்கும் அளவுக்கு இறுகியது. மூன்றாவது சரியாக வந்தது. கிளினிக்குக்குப் போனபோது எறோல் ஒரு சின்னப் போத்தலை டொக்டர் பிள்ளைக்கும் கொண்டுபோனார்.

"இதால ஈரல் சுகமாகுமா டொக்டர்?"

"அப்படி நான் சொல்லமாட்டன் அங்கிள். ஆனா அதுக்குப் பதிலா இதக் குடிக்கிறீங்களெண்டா எனக்குச் சந்தோசம்" என்று சொல்லி, அங்கேயே மணந்து பார்த்துவிட்டு, "சீனியக் குறைங்க" என்றார்.

கன்றை முன்வேலியில் நட்டார்கள். கை நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கண்ணில் மஞ்சள் போனது. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஜொய்சின் அக்காவின் மகள் கெரனுக்குக் கலியாணம் நிச்சயமானது.

கெரன் வீட்டுக்கு வந்து சொன்னாள்: "அங்கிள், நீங்கதான் வாசிக்கோணும்."

"என்னால ஏலாது பிள்ள. அது இல்லாம எனக்கு விரல் ஓடாது."

கெரனின் முகம் வாடிப்போனது. அடுத்த நாள் ஹேர்பர்ட்டே நேரில் வந்து படலையில் நின்றார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

"என்ன மென், என்னக் கண்டா ஒளிக்கிற. சரி, அது உன்ட விருப்பம். இந்தப் பிள்ளையின்ட கலியாணத்துக்கு வயலின் இல்லாம நான் மண்டலின மட்டும் வச்சு என்ன செய்யிற? ஒரே ஒரு கிளாஸ். அந்த ஒரு நாளைக்கு மட்டும். ஆருக்கும் சொல்லமாட்டன்."

எறோல் குசினிப் பக்கம் பார்த்தார். கேக் அடிக்கும் சத்தம் நின்றிருந்தது.

"வாசிக்கிறன்" என்றார் எறோல். "கிளாஸ் வேணாம்."

அவர் அதைச் சொன்னாரே தவிர நம்பவில்லை. மறுநாள் காலை வயலின் பெட்டியை இறக்கினார். தந்திகளை மாற்றினார். குடிக்காமல் வாசித்தபோது இருட்டறையிலிருந்து வெயிலுக்கு வந்தது போலக் கூசியது. ஒவ்வொரு பிசகும் கேட்டது. அப்படி வாசித்துக்கொண்டு போகும்போதுதான் ஒன்று பிடிபட்டது. பழைய கப்ரிஞ்ஞா மெட்டில் மூன்றாவது கட்டம் முடியும் இடத்தில் ஒரு வளைவு இருக்கிறது. அவருக்கு வயலின் பழக்கிய தகப்பன் அதை இரண்டு தரம் வாசிப்பார். எறோல் இத்தனை காலமும் ஒரு தரம் வாசித்துவிட்டு ஓடிக்கொண்டிருந்திருக்கிறார். முதன்முதலில் வாசித்த கலியாணத்தில் போதையில் விட்டதாக இருக்கும், அப்படியே பழகிவிட்டது. அவருக்கு ஒரே வெட்கமாகவும் அதேநேரம் பெரிய சந்தோசமாகவும் இருந்தது. தகப்பன் வாசித்தபடியே கெரனுக்கு வாசிப்பதென்று முடிவுசெய்தார்.

கலியாண மண்டபத்தில் எறோலின் கதிரைக்குக் கீழே ஒரு பெரிய போத்தல் நன்னாரி இருந்தது. ஜொய்ஸ் விருந்தினருக்கும் ஒரு பெரிய சட்டி நிறையக் கரைத்து வைத்திருந்தார். போத்தலின் நிறத்தைக் கண்ட ஒன்றிரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை எறோல் கவனித்தார். ஹேர்பர்ட்டும் கண்டார். கண் சிமிட்டிக்கொண்டு போத்தலைத் தூக்கி ஒரே இழுவையாக இழுத்தார். பிறகு அவருடைய முகம் போன போக்கைக் கண்டு றபான் மேளம் அடிப்பவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"கர்த்தரே! இது என்ன மென், வெட்டைச் சூட்டுக்குக் குடிக்கிற கசாயமா?"

"வாசிப்பம் வா" என்றார் எறோல்.

தொடங்கினார்கள். முதல் கட்டம் கொஞ்சம் இறுக்கமாகப் போனது. இரண்டாவது கட்டத்தில் தோள் இளகியது. சோடிகள் சுற்றத் தொடங்கின. மூன்றாவது கட்டம் வந்தது. எறோல் அந்த வளைவை வாசித்தார். தகப்பனை நினைத்துக்கொண்டு இரண்டாம் தரமும் வாசித்தார்.

அவ்வளவுதான். முன்னால் வந்த ஆண்கள் வரிசை பெண்கள் வரிசையோடு போய் முட்டியது. மாப்பிள்ளை தன் மாமியின் காலை மிதித்தார். கெரன் வலது பக்கம் திரும்ப, மற்ற எல்லாரும் இடது பக்கம் திரும்பினார்கள். இந்த மண்டபத்தில் ஆடுகிற எல்லாக் கால்களும் எறோலின் பிழையில் பழகிய கால்கள்.

"என்ன மென் வாசிக்கிற!" ஹேர்பர்ட் கத்தினார்.

"சரியா வாசிக்கிறன்!"

"சரியா வாசிக்காத! முந்தின மாதிரி வாசி!"

எறோலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வில் தந்தியில் துள்ளியது. அடுத்த சுற்றில் பழைய பிழையையே வாசித்தார். கால்கள் நேராகின; பாவாடைகள் விரிந்தன; யாரோ சீட்டியடித்தார்கள். பிறகு பின்னேரம் முழுவதும் அவர் பிழையாகவே வாசித்தார், ஒவ்வொரு சுரமும் காதில் தெளிவாக விழ. விரல்கள் ஓடின. எதற்காக இத்தனை வருடம் பயந்தோம் என்று இடையில் ஒருமுறை யோசித்தார். யோசிக்க நேரமில்லாமல் அடுத்த மெட்டு வந்துவிட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு இளசுகள் ஸ்பீக்கரில் பைலாப் பாட்டுப் போட்டார்கள். எறோல் வில்லைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஜொய்ஸ் முன்னால் வந்து கையை நீட்டினார். கலியாண வீடுகளில் எறோல் எப்போதும் வாசிப்பவர். வாசித்து முடிந்தால் நிற்க முடியாதவர். அதனால் அவர்கள் இருவரும் ஆடி எவ்வளவு காலம் என்பது இருவருக்குமே ஞாபகமில்லை.

"எனக்கு ஆடத் தெரியாதே" என்றார் எறோல்.

"அது எனக்கும் தெரியும். வா."

ஜொய்ஸ் அவருடைய தோளில் கன்னத்தை வைத்தார். "நல்லா மணக்கிறாய்" என்றார். எறோல் தாளத்துக்குக் கால் எண்ணிக்கொண்டிருந்தார். விருந்துக்கு வைத்த நன்னாரிச் சட்டியைப் பிள்ளைகள் அதற்குள் காலி செய்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் நேர்கோடாகப் போனதென்று சொல்ல முடியாது. கட்டாரிலிருக்கும் மகள் விடுமுறைக்கு வந்து திரும்பிப்போன நாள் ஒன்றில் எறோல் தவறணைக்குப் போனார். மறுநாள் காலையில் யாரும் சொல்லாமலே கிளினிக்குக்கும் போனார். டொக்டர் பிள்ளை ஏசவில்லை. திரும்பத் தொடங்குங்க என்று மட்டும் சொன்னார். தொடங்கினார். அதற்குப் பிறகு இன்றுவரை இல்லை. ஹேர்பர்ட் குடியை விடவில்லை, விடப்போவதாகச் சொல்லவுமில்லை. ஆனால் சனிக்கிழமைகளில் மண்டலினோடு வருவார். எறோல் வீட்டில் இருக்கும்வரை நன்னாரிதான் குடிப்பார், ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சுளித்துக்கொண்டு. கிறிஸ்மசுக்கு ஜொய்சிடம் கேக் எடுக்க வருகிறவர்கள் இப்போது பாணியும் கேட்கிறார்கள். வேருக்கு வல்லிபுரத்திடம் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

அண்மையில் மெசின் விசயமாக ஸுஹைனா அழைத்தபோது எறோல் வெளியே போயிருந்தார். ஜொய்ஸ்தான் எடுத்தார்.

"பாஸ் எப்பிடி இரிக்கார்?" என்று ஸுஹைனா கேட்டார்.

"நல்ல சுகம். அதுதான் கரைச்சல்" என்றார் ஜொய்ஸ். "முந்தி பொழுதுபட்டா விழுந்து படுத்திருவான். வீடு அமைதியா இருக்கும். இப்ப ராச்சாப்பாடு வரைக்கும் முழிச்சிருந்து கதைச்சுக்கொண்டே இருக்கான். நேத்து என்ட மீன் குழம்புக்குப் புளி காணாதாம். இவ்வளவு வருசமும் என்ன குழம்பு எண்டே தெரியாமச் சாப்பிட்டவன் அம்மா!"

வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. எறோல் சந்தையிலிருந்து செத்தல் என்ற வாவி மீனும் பழப்புளியும் வாங்கி வந்திருந்தார். பையைக் குசினி மேசையில் வைத்துவிட்டு, கையைக் கழுவி, குழம்புச் சட்டியை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டுக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தார்.